கூடி முடிவெடுத்தல்: சேலத்து ரோல்பிளேயிங் குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கம் எதைப் பற்றியது?

டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டத்தில் நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்கிறார்கள். ஜி.எம். எனப்படும் கேம் மாஸ்டர், கதை நடக்கும் உலகத்தையும் அதில் எதிர்ப்படும் மற்ற எல்லோரையும் நடத்துகிறார். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது முதல் இவ்வகை ஆட்டங்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் ஒரு செயல் பலிக்கிறதா என்று தீர்மானிக்கும் பகடையை உருட்ட நொடிப்பொழுது போதும், எதற்காக உருட்டுவது என்று ஐந்து பேர் ஒத்துப்போவதற்குத்தான் பாதி மாலை போய்விடுகிறது என்ற குறை மட்டும் எல்லா ஆட்டத்துக்கும் பொதுவாகவே இருக்கிறது. அதைப் பற்றிய கேள்விகளே இங்கே உள்ளன.

உதாரணங்கள் எங்கள் குழு இப்போது ஆடிவரும் கதையிலிருந்து எடுக்கப்பட்டவை. சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்திய 1820களில் அக்கதை நடக்கிறது. பொதிமாடுகளோடு மலையேறும் ஒரு வணிகன், அவனுக்குக் காவலாக ஒரு வில்லாளி, ஒரு மருத்துவச்சி, ஓர் ஒற்றன், படையிலிருந்து ஓடிவந்த ஒரு சிப்பாய் என ஐந்து கதாபாத்திரங்கள். காப்பி வந்த செய்தி வரலாறு. மற்றதெல்லாம் நாங்கள் கட்டியது.

சின்ன விஷயத்தை முடிவுசெய்யவே எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. என்ன காரணம்?

கருத்து வேறுபாடு என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். பெரும்பாலும் அது காரணமாக இருப்பதில்லை. ஆளுக்கொரு நிலைமையை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவதுதான் காரணம்.

எங்கள் கதையில் ஒரு மாலை, மலைப்பாதையின் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது, மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. மரத்தை அகற்றிவிட்டு மேலே போவதா, அங்கேயே தங்குவதா, இறங்கிக் குப்பனூர்ப் பக்கமாகச் சுற்றிப் போவதா என்ற விவாதம் முடிவதாகத் தெரியவில்லை. பிறகுதான் புரிந்தது: வணிகனை ஆடியவர் இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார், மருத்துவச்சியை ஆடியவர் ஏற்கெனவே இரவாகிவிட்டது என்று நினைத்திருந்தார், சிப்பாயோ கொள்ளையர்கள் பின்தொடர்வதாக நம்பிக்கொண்டிருந்தான். மூவரும் சொன்னது அவரவர் நினைத்திருந்த நிலைமைக்குச் சரியான யோசனைதான். ஜி.எம். குறுக்கிட்டு, “இருட்ட ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. மரத்தை அகற்ற ஒரு மணி நேரம் ஆகும், சத்தமும் கேட்கும். குப்பனூர்ப் பாதையில் போனால் நள்ளிரவாகிவிடும். பின்னால் யாரும் வருவதாக இதுவரை தெரியவில்லை” என்று நான்கு வாக்கியம் சொன்னதும் விவாதம் அடங்கிவிட்டது.

இப்படியெல்லாம் சொல்லிவிட்டால் மர்மம் கெட்டுவிடும் என்று புதிய ஜி.எம்.கள் தயங்குவார்கள். அந்த மலையிலேயே நடமாடும் வணிகனுக்கு எப்போது இருட்டும் என்று தெரியாமல் இருக்குமா? மரத்தை யார் வெட்டிச் சாய்த்தார்கள் என்பது மர்மம். அதை அகற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்பது மர்மமன்று, தகவல். தகவலை மறைத்துவிட்டு முடிவை எதிர்பார்க்கும் ஜி.எம்., ஆட்டக்காரர்கள் தயங்குகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்வதில் நியாயமில்லை.

எனவே ஒரு விவாதம் இரண்டாவது சுற்றுக்கு வந்துவிட்டால், யார் சொல்வது சரி என்று பார்ப்பதை நிறுத்திவிட்டு, “இப்போது நமக்கு உறுதியாகத் தெரிந்தவை என்ன?” என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டும். இந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தகவல் எல்லாம் தெரிந்த பிறகும் பேச்சு நீள்கிறதே?

அப்படியானால் கதைக்குள் நேரத்துக்கு விலை இல்லை என்று பொருள். பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகள் இதை நேரடியாகவே கையாண்டன. நிலவறைக்குள் பத்து நிமிடம் ஒரு டர்ன். ஒரு தீப்பந்தம் ஆறு டர்ன் எரியும். இரண்டு டர்னுக்கு ஒரு முறை ஜி.எம். ஆறுமுகப் பகடையை உருட்டி, ஒன்று விழுந்தால் சுற்றித் திரியும் ஏதோ ஒன்று எதிரே வந்து நிற்கும். நின்று பேசிக்கொண்டே இருந்தால் பந்தம் கரையும், ஆபத்து நெருங்கும் என்பது ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்திருந்ததால் பேச்சு தானே சுருங்கியது.

நீங்கள் ஆடுவது எந்த விதியாக இருந்தாலும் இதைப் பின்பற்றலாம். மேசையில் நடக்கும் விவாதம் நீண்டால் கதைக்குள்ளும் பத்து நிமிடம் கழிந்ததாக வைத்துக்கொள்வோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். அறிவிக்காமல் திடீரென்று தண்டித்தால் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

எதை எல்லோரும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும், எதைத் தனியாள் முடிவுசெய்யலாம்?

விளைவு யார் தலையில் விழுகிறதோ அவர்களே முடிவுசெய்ய வேண்டும் என்பது என் கட்சி. ஒற்றன் தோட்டத்து மேஸ்திரியிடம் என்ன பொய் சொல்கிறான் என்பது ஒற்றனை ஆடுபவரின் உரிமை. மற்ற நால்வரும் அவருக்கு வசனம் எழுதித் தரக் கூடாது. ஆனால் அதே ஒற்றன் இரவில் கிடங்குக்குத் தீ வைக்க நினைத்தால், விடிந்ததும் ஐந்து பேரையும்தான் ஊரார் துரத்துவார்கள். ஆகவே அது பொது முடிவு. குழு எந்தப் பாதையில் போவது, யாரிடம் வேலைக்குச் சேர்வது, யாரைக் கொல்வது, பொதுப் பணத்தை எதில் செலவிடுவது ஆகியவை எப்போதும் பொதுவில் வர வேண்டியவை.

இடைப்பட்ட நிலையில் உள்ளவைதான் சிக்கல். அவற்றுக்கு ஜி.எம். ஒரு கேள்வி கேட்டாலே போதும்: “இதைச் செய்தால் மற்றவர்களும் மாட்டிக்கொள்வார்கள். அவர்களுக்குத் தெரிந்துதான் செய்கிறீர்களா?” இந்தக் கேள்விக்குப் பிறகு பலர் தாமாகவே மற்றவர்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

குழுவுக்குத் தலைவர் வேண்டுமா?

தலைவர் வேண்டாம்; சொல்பவர் ஒருவர் வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு.

1981இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அடிப்படைத் தொகுப்பில் ‘காலர்’ என்ற பொறுப்பு விவரிக்கப்பட்டிருக்கிறது. குழு என்ன செய்யப்போகிறது என்பதை எல்லோரிடமும் கேட்டுத் தொகுத்து ஜி.எம்.மிடம் சொல்வது அவர் வேலை. கூடவே, வரைபடம் போடுவதற்கு ‘மேப்பர்’ என்று இன்னொருவர். மற்றவர்களின் எண்ணத்தைச் சரியாக எடுத்துச் சொல்கிறோமா என்று காலர் உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்றே அவ்விதி கூறியது. அவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் எதையும் அது தரவில்லை. பிற்காலத்தில் இந்தப் பொறுப்பு வழக்கொழிந்துபோனது. ஒரு பெரிய குழுவை நடத்தும் எவரும் அதை மீட்டெடுப்பது நல்லது என்று நான் கருதுகிறேன்.

நடைமுறையில் அது இப்படி இருக்கும். விவாதம் ஓரளவு கனிந்ததும் காலர் சொல்வார்: “சரி, நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மரத்தை அகற்றுகிறோம். வில்லாளி மேட்டில் ஏறிக் காவல் நிற்கிறார். ஒற்றன் கீழே பாதையைப் பார்த்துக்கொள்கிறான். வேறு மாதிரி நினைப்பவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.” யாரும் மறுக்காவிட்டால் அது குழுவின் முடிவு. அதுவரை மேசையில் பேசிய எதையும் ஜி.எம். செயலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. யாரோ வாய்தவறி “கதவைத் திறக்கலாமா?” என்று கேட்டதை வைத்துக் கதவைத் திறந்துவிடும் ஜி.எம்.மிடம் ஆட்டக்காரர்கள் வாயைத் திறக்கவே அஞ்சுவார்கள். ஒவ்வொரு அமர்விலும் வேறொருவர் காலராக இருப்பது நல்லது. அதிகம் பேசாதவருக்கு இப்பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். எல்லோரிடமும் கேட்டுத் தீர வேண்டிய கடமை அவருடையது என்பதால் அவரும் பேசியாக வேண்டியிருக்கும்.

வயதில் மூத்தவர் சொல்வதையே எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். இதை எப்படி மாற்றுவது?

நம் ஊரில் இது தவிர்க்க முடியாதது. கல்லூரியில் படிக்கும் தம்பிகளும், உருக்காலையில் பல்லாண்டு வேலை பார்க்கும் அண்ணனும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், “நீங்களே சொல்லுங்கண்ணா” என்றுதான் பேச்சு தொடங்கும். அண்ணன் சொல்லிவிட்டால் அதை மறுப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். அண்ணன்மீது தவறில்லை, பல நேரம் அவருக்கே அது தர்மசங்கடமாக இருக்கிறது.

மரியாதையைக் கைவிடச் சொல்வது பயனில்லாத அறிவுரை. வரிசையை மாற்றுவதே வழி. கருத்துக் கேட்கும்போது வயதில் இளையவரிடமிருந்து தொடங்குங்கள். இந்திய ராணுவ நீதிமன்றங்களிலும் பதவியில் இளைய உறுப்பினரிடமிருந்தே கருத்துக் கேட்கத் தொடங்குகிறார்கள். மேலதிகாரி முதலில் பேசிவிட்டால் கீழே உள்ளவர் மாற்றுக் கருத்தைச் சொல்லத் தயங்குவார் என்பதுதான் அதன் காரணம். மேசையிலும் அதே காரணம் பொருந்தும்.

இன்னொன்று, ஆட்டம் தொடங்கியபின் கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்லியே அழைப்பது. அண்ணனை “அண்ணா” என்று அழைத்துக்கொண்டு அவர் யோசனையை வெட்டிப் பேச முடியாத பையன், அவர் ஆடும் சிப்பாயைப் பார்த்து, “உன் பேச்சைக் கேட்டுத்தானே போன முறை ஆற்றில் விழுந்தோம்?” என்று கேட்டுவிடுகிறான். இதற்கு அண்ணனே வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் தட்டுவடை செட் வந்ததும் அவன் மறுபடி “இந்தாங்கண்ணா” என்று நீட்டுவான். அது வேறு கணக்கு.

ஒருவர் எல்லோருடைய ஆட்டத்தையும் தானே ஆடுகிறார். என்ன செய்யலாம்?

எல்லோரும் ஓரணியாக ஆடும் கூட்டுறவு போர்டு கேம்களில் இது பழகிய நோய். 2008இல் வெளிவந்த பாண்டமிக் போன்ற ஆட்டங்களில் எல்லாத் தகவலும் எல்லோர் கண்ணுக்கும் தெரிவதால், நன்றாகக் கணக்குப் போடத் தெரிந்த ஒருவரே எல்லோரையும் நகர்த்திவிட முடியும். ரோல்பிளேயிங்கில் இதற்கு எளிதான மாற்று உண்டு: எல்லாத் தகவலையும் எல்லோருக்கும் தராதீர்கள். காயத்தின் தன்மை மருத்துவச்சிக்கு மட்டும், பாதையில் கிடக்கும் தடயம் ஒற்றனுக்கு மட்டும், மிளகு விலை வணிகனுக்கு மட்டும் தெரியட்டும். ஜி.எம். அதைத் துண்டுச்சீட்டில் எழுதித் தராமல், அந்த ஆட்டக்காரரிடமே வாய்விட்டுச் சொல்லி, “இதை மற்றவர்களிடம் எப்படிச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டால் போதும், பேச்சு அவர் கைக்கு வந்துவிடும்.

அதற்கும் மசியாதவரிடம் தனியாகப் பேசிவிடுவதே முறை. எல்லோர் முன்னிலையிலும் கதைக்குள் வைத்துப் பாடம் புகட்டுவது வேண்டாம்.

வாக்கெடுப்பு நடத்தலாமா?

நடத்தலாம், ஆனால் நான் அதை விரும்புவதில்லை. ஐந்து பேரில் மூன்றுக்கு இரண்டு என்று முடிந்தால், தோற்ற இருவரும் அடுத்த ஒரு மணி நேரம் தமக்குப் பிடிக்காத திட்டத்தில் அரைமனத்தோடு பகடை உருட்டுவார்கள். அந்தத் திட்டம் சொதப்பிவிட்டால் “அப்போதே சொன்னேன்” என்ற வாக்கியம் உறுதி.

இழுபறிக்கு எங்கள் குழுவில் குடவோலை முறையைப் பயன்படுத்துகிறோம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை, ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதத்தை விரிவாகச் சொல்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். அதை வாக்கெடுப்பு என்று பலர் சொன்னாலும் அது திருவுளச்சீட்டுத்தான். கவனிக்க வேண்டியது என்னவென்றால், குடத்துக்குள் எல்லார் பெயரும் போய்விடவில்லை. நிலம், வயது, கல்வி, ஒழுக்கம் எனத் தகுதிகளை முதலில் பார்த்த பிறகே ஓலை எழுதப்பட்டது.

மேசையிலும் அப்படியே செய்கிறோம். எந்த யோசனையை யாராவது ஒருவரால் சகித்துக்கொள்ளவே முடியாதோ, அதை முதலில் நீக்கிவிடுகிறோம். “எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் போகலாம்” என்று எல்லோரும் சொல்லக்கூடிய யோசனைகளை மட்டும் சீட்டில் எழுதிக் குலுக்கி, இளையவர் ஒருவர் எடுக்கிறார். யாரும் தோற்றதாக உணர்வதில்லை. பெரும்பாலும் சீட்டு எழுதத் தொடங்கும்போதே சமரசமும் வந்துவிடுகிறது.

திட்டம் போடுவதிலேயே அமர்வு முடிந்துவிடுகிறது. குறுக்குவழி உண்டா?

ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க், 2017இல் வெளிவந்த ஆட்டம், இதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறது. நேரடித் தாக்குதல், ஏமாற்று, பதுங்கிச் செல்லுதல், மாந்திரீகம், பேச்சுவார்த்தை, கடத்திக் கொண்டுபோதல் என்று திட்டங்கள் ஆறே வகை. குழு அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய ஒரே ஒரு விவரத்தை மட்டும் சொல்ல வேண்டும். பதுங்கிச் செல்வதானால் எந்த வழியாக நுழைகிறோம் என்பது போல. உடனே பகடை உருட்டிக் காரியத்தின் நடுவிலேயே கதை தொடங்கிவிடும். முன்கூட்டியே செய்திருக்க வேண்டிய ஏற்பாடு நினைவுக்கு வந்தால், ‘பிளாஷ்பேக்’ என்று சொல்லி, நிலைமைக்கேற்ப மன அழுத்தப் புள்ளிகளைச் செலவிட்டு, நேற்றே காவலாளிக்குக் கள் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

வேறு ஆட்டம் ஆடுபவர்களும் இதைக் கடன் வாங்கலாம். ஆட்டக்காரர்கள் ஏன் திட்டத்தை நீட்டுகிறார்கள்? எதையோ மறந்துவிட்டோம், ஜி.எம். அதைப் பிடித்துக்கொள்வார் என்ற அச்சத்தால்தான். மறந்ததைப் பிறகு சேர்த்துக்கொள்ள வழி உண்டு என்று தெரிந்தால் அந்த அச்சம் போய்விடும்.

எங்கள் குழு எப்போதும் சண்டையைத்தான் தேர்ந்தெடுக்கிறது. பதுங்கிப் போகவே மாட்டேன் என்கிறார்களே?

அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். ஐந்து பேர் பதுங்கிச் செல்லும்போது ஒவ்வொருவருக்கும் 70 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஐவரும் தனித்தனியே உருட்டி ஐவரும் வெல்ல வேண்டும் என்றால் மொத்த வாய்ப்பு ஏறத்தாழ 17 சதவீதம்தான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் உள்ள குழுச் சோதனை விதிப்படி, பாதிப் பேராவது வென்றால் குழுவே வென்றதாகக் கொள்ளலாம். அப்போது அதே ஐவருக்கு வாய்ப்பு ஏறத்தாழ 84 சதவீதம். ஜி.எம். எந்த விதியைக் கையாளப்போகிறார் என்பதை விவாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் முடிவும் மாறும்.

சண்டையின் நடுவே எவ்வளவு கலந்துபேசலாம்?

ஐந்தாம் பதிப்பில் ஒரு சுற்று என்பது கதைக்குள் ஏறத்தாழ ஆறு நொடி. அதற்குள் ஒரு சின்ன வாக்கியமும் ஒரு சைகையும் அடங்கும். ராணுவ வியூகம் அடங்காது. மேசையில் சற்றுத் தாராளமாக இருக்கலாம் என்றாலும், ஒருவருடைய முறை வந்தபிறகு மற்றவர்கள் அவருக்கு யோசனை சொல்வதை, அவர் கேட்டாலொழிய, நிறுத்திக்கொள்வது நல்லது. கலந்துபேசுவதைச் சுற்றின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் செயலுக்காக மற்றவர் காத்திருக்க வேண்டுமானால் ரெடி என்ற செயல் இருக்கிறது. கைகொடுக்க ஹெல்ப் இருக்கிறது. 2024ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் அலர்ட் என்ற திறமை உடையவர், சம்மதிக்கும் கூட்டாளி ஒருவரோடு இனிஷியேட்டிவ் எனப்படும், யாருக்குப் பின் யார் என்ற வரிசையில் தன் இடத்தையே மாற்றிக்கொள்ளலாம்.

குழு பிரிந்து செல்லலாமா?

செல்லலாம். ஆபத்தைவிட இங்கே சலிப்புத்தான் பெரிய எதிரி. ஒரு பக்கம் கதை நடக்கும்போது மறுபக்கத்தார் போனை எடுத்துவிடுவார்கள். ஜி.எம். ஒவ்வொரு பக்கத்தையும் பரபரப்பான இடத்தில் நிறுத்திவிட்டு மறுபக்கத்துக்குத் தாவ வேண்டும். காட்சியில் இல்லாதவர்களுக்குக் காவலாளி, தோட்டக் கணக்குப்பிள்ளை போன்ற சிறு பாத்திரங்களைப் பேசக் கொடுக்கலாம்.

“என் கதாபாத்திரம் அப்படித்தான் செய்யும்” என்று சொல்லி ஒருவர் திட்டத்தைக் கெடுக்கிறார். அவரைத் தடுக்கலாமா?

அந்தக் கதாபாத்திரத்தை அப்படி அமைத்ததும் அவர்தான். சுயநலமுள்ள ஒற்றனை ஆடுவதில் தவறில்லை. ஆனால் அவன் ஏன் இந்த நால்வரோடு தொடர்ந்து நடக்கிறான் என்பதற்கு ஒரு காரணம் கண்டுபிடிப்பது ஒற்றனை ஆடுபவரின் பொறுப்பு, மற்றவர்களின் பொறுப்பன்று. இதை முதல் அமர்வுக்கு முந்தைய கூட்டத்திலேயே, செஷன் ஜீரோ என்று சொல்கிறார்களே அதில், பேசிவிடுங்கள். கூட்டாளியிடமிருந்து திருடலாமா, ஒருவரையொருவர் தாக்கலாமா என்பவையும் அங்கேயே தீர்ந்துவிட வேண்டும்.

ஒருவருக்கு மட்டும் கதை போகும் போக்கு மனத்துக்கு ஒவ்வாவிட்டால்?

அங்கே கலந்துபேசி முடிவெடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் அறிமுகப்படுத்திய எக்ஸ் கார்டு இதற்குப் பயன்படும்: எக்ஸ் குறியிட்ட அட்டை மேசை நடுவே இருக்கும், ஒருவர் அதைத் தொட்டால் அந்தக் காட்சி காரணம் கேட்கப்படாமல் மாற்றப்படும். பெரும்பான்மை, சீட்டு எதுவும் இதில் கிடையாது.

அமர்வுக்கு வராதவரின் கதாபாத்திரத்துக்கு யார் முடிவெடுப்பது?

அவரே முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அதன்படி. சொல்லாவிட்டால் அந்தக் கதாபாத்திரம் பின்னால் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். சாகாது, பணமும் செலவழிக்காது.

ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் சீக்கிரம் கிளம்பிவிடுகிறார்கள். முக்கிய முடிவு அந்த நேரத்தில்தான் வருகிறது. என்ன செய்வது?

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போக வேண்டியவர்கள் கடைசி பஸ்ஸைக் கணக்கிட்டுத்தான் எழுவார்கள். மழைக்காலத்தில் இன்னும் முன்னதாகவே எழுவார்கள். அவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது எடுக்கப்படும் முடிவு அவர்களுடைய முடிவாக இருக்காது. ஆகவே அவர்கள் கிளம்புவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே ஜி.எம். கதையை நிறுத்தி, “அடுத்த முறை எங்கே போகிறீர்கள்?” என்ற ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். இதனால் ஜி.எம்.முக்கும் ஆதாயம் உண்டு. தேவையான இடத்தை மட்டும் தயாரித்தால் போதும்.

மீதியை வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொள்ளலாம் என்றால், இரண்டு விதிகளோடு பேசுங்கள். முதலாவது, வாய்ஸ் நோட்டாகப் போடாமல் எழுத்தில் போடுவது. மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் இருப்பவர்கள் நான்கு நிமிட ஒலிப்பதிவை இறக்கிக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். இரண்டாவது, கடைசி நாள் ஒன்றைக் குறிப்பது. வெள்ளி இரவுக்குள் மறுப்பு வராவிட்டால் காலர் தொகுத்து எழுதியதே முடிவு என்று வைத்துக்கொண்டால், ஞாயிறு மதியம் எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் ஜி.எம். முதல் வாக்கியத்திலேயே கதையைத் தொடங்கிவிடலாம்.